பௌர்ணமி டிரிப்

கீழ்பென்னாத்தூரில் வேன் டிரைவர்கள் இரண்டு ரகம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை டிரிப் அடிப்பவர் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர் இன்னொன்று. முதல் ரகத்தைத்தான் ஊர் டிரைவர் என்று சொல்லும். எனக்கு அதுதான் வேண்டும் என்று சக்கரபாணி அண்ணனிடம் வாயைத் திறந்தே கேட்டிருந்தேன்.

இது தொண்ணூற்றெட்டில். அவரிடம் இரண்டு வேன் இருந்தது. வேலைக்கு வந்தது அருள்ராஜும் நானும். இருவரிடமும் லைசென்ஸ் இருந்ததால் பரீட்சை ஒன்றே ஒன்றுதான்: ரோட்டிலிருந்து அவர் வீட்டுச் சந்துக்குள் வேனை ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

முதலில் அருள்ராஜ். ஒரு ஈ காக்காய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டில் நன்றாகவே உரசினான்.

"புது வண்டியில்ல, பழகிடும்," என்றார் அண்ணன்.

அடுத்து நான் ஏறினேன். எங்கிருந்துதான் முளைத்தார்களோ, சந்து நிறைய ஆண்கள்! சைக்கிளில் போனவர்கூட இறங்கி வந்து கை காட்டினார்.

"லெஃப்ட்ல ஒடிம்மா!"

"இன்னா லெஃப்ட்டு? ரைட்ல ஒடி!"

"வா, வா, வா... ஏய், நில்லு!"

பெரியவர்கள் சொல்கிறார்களே என்று எல்லார் பேச்சையும் கேட்டுத் தொலைத்தேன். வேன் போய் முருங்கை மரத்தில் இடித்தது.

"பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?" என்றது ஒரு குரல்.

எனக்கு வந்ததே கோபம்! தலையை வெளியே நீட்டினேன்.

"அருள்ராஜுக்கு யாராவது கை காட்டினீங்களா? எல்லாரும் ஓரமாப் போங்க. அண்ணா, நீங்களுந்தான்."

ஒதுங்கினார்கள். வேனை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுபோய், எதிலும் படாமல் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினேன்.

"பரவால்லியே!" என்றார் அண்ணன். "ஸ்கூல் வண்டி உனக்குத்தாம்மா. பௌர்ணமி வண்டி அருள்ராஜுக்கு. கூட்டம் ஜாஸ்தி, உன்னால முடியாது."

"கேட்டை இடிச்சவரால முடியுமா?"

"அவன் ஆம்பள, சமாளிச்சுக்குவான்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சனியன். நான் இறங்கவில்லை. வேன் சந்தை அடைத்துக்கொண்டு நின்றது.

"எறங்கும்மா வினோதினி."

"பௌர்ணமி எனக்குன்னு சொல்லுங்க, எறங்குறேன்."

அருள்ராஜ்தான் முதலில் சிரித்தான். "குடுத்துடுங்கண்ணா. அந்தக் கூட்டத்துல எவன் ஓட்டுவான்? எனக்கு ஸ்கூல் வண்டியே போதும்."

எந்த வண்டி வேண்டும் என்று அவனை அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார்.

பௌர்ணமியன்று மத்தியானம் ஸ்டாண்டில் வேனை நிறுத்தியதுமே கூட்டம் பாய்ந்தது. ஒரு பெரியவர் சன்னல் வழியாக இடம்பிடிக்க வீசிய துண்டு என் மடியில் வந்து விழுந்தது.

"இது டிரைவர் சீட்டுங்க."

"டிரைவர் எங்கம்மா?"

"நான்தாங்க."

ஏற இறங்கப் பார்த்தார். நானும் சண்டைக்குத் தயாரானேன்.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார். "பின்னாடி சன்னலோரமா ஒரு சீட்டு புடிச்சுக் குடும்மா."

அவ்வளவுதான். துண்டைப் பின்சீட்டில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.