தூக்குப் பாத்திரத்தில் பேட் லக்

எங்கள் ஊரில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ஆங்கில வார்த்தை கொண்டு வருவார்கள். வெறுங்கையோடு வருவது மரியாதை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேராகத் திரும்ப வேண்டிய நாங்கள் இரண்டு பேராகத் திரும்பினோம். என் மனைவி இந்துமதி நேராக உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்தேன். அழைப்பு மணி அடித்தது.

எதிர்வீட்டுக் கோமளா அக்கா தூக்குப் பாத்திரத்தில் ஒரு பேட் லக் கொண்டு வந்திருந்தார்.

"சூடா இருக்கு தம்பி. பாத்து எறக்குங்க."

"எதுக்குக்கா சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? எங்க வீட்ல எப்பவும் இருக்கும்."

உள்ளறைக்குப் போகும் நடையில் சுவரோரமாக அதை இறக்கி வைத்தேன். நடை கொஞ்சம் நீண்டது. ஒன்று வந்து சேர்ந்தால் வீடு இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

அடுத்து என் மேனேஜர் வந்தார். அன்ஃபார்ச்சுனேட் கொண்டு வந்தார். இஸ்திரி போட்டு மடித்திருந்தது. "ஆபீஸ்ல எல்லாருமா சேர்ந்து வாங்கினது," என்றார். பெரியப்பா வர முடியாததால் ஒரு மிஸ்ஃபார்ச்சூனைப் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். இந்துமதியின் தம்பி குலசேகரன் டிராஜடியை ஆட்டோவில் ஏற்றி வந்தான். இரண்டு பேராகப் பிடித்துத்தான் இறக்க முடிந்தது.

"இவ்ளோ பெருசு எதுக்கு மாப்ள?"

"சொந்த அக்கா, மாமா. சின்னதா கொண்டாந்தா நல்லாவா இருக்கும்?"

எல்லாவற்றையும் நடையில்தான் வைத்தேன். வேறு இடமில்லை.

சாயங்காலம் இந்துமதிக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். பாதி வழியிலேயே ஆறிவிட்டது. திரும்பி வந்து சூடாக்கிக்கொண்டு போனேன். மறுபடியும் ஆறியது. அவள் அறைக் கதவு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

"இந்து!"

அவள் குரல் வந்து சேர நேரமாயிற்று.

"சொல்லுங்க."

"வெளிய வாயேன்."

"எல்லாரும் என்ன கொண்டு வந்தாங்க?"

சொன்னேன்.

"அதுல எதுலயாவது பாப்பா இருக்காளா?"

"பாக்கறேன்."

"பாருங்க. இருந்தா வரேன்."

ஒவ்வொன்றாகத் திறந்தேன். பேட் லக்கில் யாரோ ஆடித் தோற்ற சீட்டுக்கட்டு இருந்தது. அன்ஃபார்ச்சுனேட்டில் மேனேஜர் தொண்டையைச் செருமும் சத்தம் மட்டும் இருந்தது. மிஸ்ஃபார்ச்சூனில் வேறு ஒரு குடும்பத்தின் நனைந்த நெல். டிராஜடிக்குள் வரிசையாக நாற்காலிகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "உக்காருங்க சார், மறைக்குது," என்றார்கள். குனிந்து எட்டிப் பார்த்தேன். மேடை காலியாக இருந்தது.

"இல்ல இந்து."

"அடியில பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சின்னவ. எங்கயாவது ஓரமா கிடப்பா. நல்லா பாருங்க."

கையை விட்டுத் துழாவினேன். நெல்லைத் தவிர எல்லாம் காய்ந்து கிடந்தது.

பேட் லக்கைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"ஐயோ, குடுத்ததத் திருப்பித் தராதீங்க தம்பி. பாத்திரத்த மட்டும் குடுங்க. காலியா குடுக்காதீங்க."

வீட்டுக்கு வந்து பேட் லக்கை நடையோரமாகக் கொட்டிவிட்டு, கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அக்கா, எங்க வீட்ல என்ன நடந்துச்சு?"

கோமளா அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அத ஏன் தம்பி வாயால சொல்லிக்கிட்டு?"

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். சத்தம் வராமல் சாத்தும் அளவுக்கு நல்ல மனசு.

நடையின் இந்த முனையில் வந்து நின்றேன்.

"இந்து, பாப்பா செத்துப் போயிட்டா."

நடை நீளவில்லை. குறையவும் இல்லை.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"பாப்பா செத்துப் போயிட்டா!"

டிராஜடிக்குள் இருந்தவர்கள் உஷ் என்றார்கள்.

"யார் பாப்பா?"

"நம்ம பாப்பா."

அவள் அழும் சத்தம் வந்தது. நடக்கத் தொடங்கினேன். அன்ஃபார்ச்சுனேட்டைத் தாண்டினேன். மிஸ்ஃபார்ச்சூனைச் சுற்றிக்கொண்டு போனேன். அதற்கப்பால் விளக்கு இல்லை.

"எங்க இருக்கீங்க?"

"வந்துகிட்டிருக்கேன். நிறுத்தாத. உன் சத்தத்த வெச்சுத்தான் வரேன்."

"நீங்களும் அழுங்க. எனக்கும் வழி தெரிய வேணாமா?"

எனக்கு அதுவரை அழுகை வந்திருக்கவில்லை. அப்போது வந்தது. அந்தப் பக்கமிருந்து வெறுங்கால்கள் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.