பிள்ளை பெற்ற அறைக்கு வெளிச்சம்

காவேரியைப் பூமியில் ஏந்தியவள் மருத்துவச்சி சின்னம்மாள். இப்போது காவேரியின் பிள்ளையையும் அவளே ஏந்தினாள். தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரே மகள் இருட்டில் கிடக்கக்கூடாது என்று நஞ்சப்பன் பெங்களூரில் சொல்லிவைத்து கரண்டு எடுக்கும் ஒரு பெட்ரோல் இஞ்சின் வாங்கியிருந்தார். தர்மபுரிக்குக் கரண்டு வந்திருந்தும், அவர் வீட்டுக் கம்பி ஒரு மழைக்குத் தாங்காது. யுத்த காலத்தில் பெட்ரோல் கூப்பனுக்கு அவர் ஏறாத படி இல்லை.

பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போய், பகலிலேயே வீடு இருண்டது. இஞ்சின் இருந்த மாட்டுக் கொட்டகை ஒழுகியது. இஞ்சினைப் பேறுகால அறைக்கு அடுத்த தானிய அறைக்குத் தூக்கிவரச் சொன்னார் நஞ்சப்பன். இரண்டுக்கும் நடுவே இருந்தது கூரையைத் தொடாத அரைச்சுவர்.

"வெளியிலதான் வெக்கோணும்னு பெங்களூர்க்காரன் சொன்னானுங்க. புகை போவ வழி வேணுங்க," என்றான் இஞ்சின் ஓட்டும் சென்னப்பன்.

"பெத்தவளுக்கு ரெண்டு வேளையும் சாம்பிராணி போடறோம், வேப்பந்தழை போடறோம். அந்தப் புகையில ஆவாதது இதுலதான் ஆவப்போவுதா? இழுடா கயித்தை."

இழுத்தான். அறையில் பல்பு எரிந்தது. காவேரி பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு நாழிகை கழிந்திருக்கும். "தலை இடிக்குது சின்னம்மா, கொமட்டுது," என்றாள்.

"ஈரக்காத்து பட்டிருக்கும்," என்று தாய் ராஜாமணி சன்னல் இடுக்கில் இன்னொரு பழஞ்சீலையைத் திணித்தாள். பச்சை உடம்புக்குள் காற்றுப் புகுந்தால் சன்னி கண்டுவிடும் என்பது அவள் பயம்.

சின்னம்மாளுக்கும் தலை கனத்தது. வெந்நீர் எடுக்கப் புறக்கடைக்குப் போனபோது தெளிந்தது. உள்ளே வந்தாள், மறுபடி கனத்தது. முனியப்பா, இதென்ன சோதனை என்று நினைத்தவள், நேரே போய் நஞ்சப்பனிடம் நின்றாள்.

"அந்த இஞ்சினைக் கொஞ்சம் நிறுத்துங்கய்யா. உள்ள மூச்சு முட்டுதுங்க."

"கரண்டு படிப்பு எந்த ஊர்ல படிச்ச?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பிப்போய்ச் சன்னல் சீலையை உருவிப்போட்டாள். "குழந்தையைக் குளிப்பாட்டறேன். நீயும் வா கண்ணு, செத்த நேரம் புறக்கடையில உக்காரு," என்று காவேரியின் கையைப் பிடித்தாள்.

"தீட்டுக் கழியாம வாசப்படி தாண்டுவாளா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" ராஜாமணி மகளைப் படுக்க வைத்தாள். சின்னம்மாள் குழந்தையோடு வெளியேறியதும் சீலையை எடுத்துச் சன்னலை மறுபடி அடைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

புறக்கடைத் தாழ்வாரத்தில் சின்னம்மாள் வேண்டுமென்றே வேலையை வளர்த்தாள். எண்ணெயை இரண்டு தரம் தேய்த்தாள், தண்ணீரை ஆறவிட்டு மறுபடி சுடவைத்தாள். குழந்தை நன்றாகக் கத்தி அழுதது.

பால் கொடுக்க உள்ளே கொண்டுபோனபோது வாசற்படியிலேயே ராஜாமணி விரலை உதட்டில் வைத்தாள்.

"அசந்து தூங்கறா. முகம் எப்பிடிச் செவந்து கெடக்கு பாரு, மகாலட்சுமியாட்டம்."

சின்னம்மாள் காவேரியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு வெளியே ஓடி, "இஞ்சினை நிறுத்துடா சென்னப்பா," என்றாள். அவன் நிறுத்தினான். பல்பு அணைந்தது. காவேரி எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் கம்பி சரியாகவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தது. பொழுது சாய்ந்ததும் நஞ்சப்பன், யார் முகத்தையும் பார்க்காமல், "வெளக்குப் போடச் சொல்லு," என்றார். சென்னப்பன் தானிய அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பெட்ரோல் தீந்துபோச்சுங்கய்யா."

அவன் காலடியில் இருந்த டின் நிறைய பெட்ரோல் இருந்ததைக் குழந்தைக்குச் சங்கில் ஆட்டுப்பால் புகட்டிக்கொண்டிருந்த சின்னம்மாள் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான்; உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

ஆமணக்கெண்ணெய் விளக்கை ஏற்றினார்கள். அதன் வெளிச்சத்தில் உறவுக்காரப் பெண்கள், இந்தக் கிழவி சன்னலைத் திறந்துவிட்டதால்தான் சன்னி பிறந்தது என்று பேசிக்கொண்டார்கள். ராஜாமணி வந்து சின்னம்மாளின் மடியிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத."

சின்னம்மாள் பால் சங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "சன்னலை மட்டும் தெறந்தே வெச்சிருங்கம்மா," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

ராஜாமணி போய்ச் சன்னலை அடைத்தாள்.