மீதிப் பேச்சு

"உங்க மாநாடு மலையை விட்டு இறங்கிடுச்சு மேடம்."

பிரவீன்குமார் இதைச் சொன்னபோது தேவிப்ரியாவின் கையில் சாம்பார் வாளி இருந்தது. பரிமாற ஆள் பத்தாமல் அவளே பந்தியில் இறங்கியிருந்தாள்.

"இன்னாங்க சொல்றீங்க?"

"காலையில எழில்மதி பேசினாங்களே, அதுல முதல் பாதி. கைமாறிக் கைமாறி, சென்னையில எங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் ஃபோன்ல ஓடிக்கிட்டிருக்கு. இப்பதான் வளைவுல நின்னு பாஸ்கிட்ட பேசிட்டு வர்றேன்."

சாம்பார் வாளி தரைக்குப் போனது.

கல்வராயன் மலையில், கரியாலூருக்கு மேலே, இந்த மண்டபத்தை அவள் தேடிப் பிடித்ததே சிக்னல் இல்லை என்பதற்காகத்தான். மென்பொருள் எழுதுகிறவர்கள் டிக்கெட் வாங்கி வந்து, கற்றதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கூட்டம் இது. டிக்கெட் பணம் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாய்ப் போய்விடும். லாபம் என்று ஒன்று வந்தால் அது வீடியோவில்தான். பிரவீன்குமாரின் பயிற்சிக் கம்பெனி எல்லாப் பேச்சையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். அவர்கள் விற்பதற்கு முன்னால் ஒரு சொல் வெளியே கசியக்கூடாது. சாயந்திரம் கையெழுத்து.

அந்த லாபத்தை நம்பித்தான் கள்ளக்குறிச்சியில் உரக்கடை மாடி அறை இருந்தது. பகலில் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு, வேலை முடிந்ததும் தேவிப்ரியா காசு வாங்காமல் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் அறை. கடைக்காரர் நேராகவே சொல்லிவிட்டார்: இந்த மாசம் கூடுதல் அட்வான்ஸ் வரவில்லையென்றால் சாவி மொபைல் கடைக்காரனுக்கு.

யார் செய்த வேலை? எந்தப் பாவி?

மண்டபத்துக்குக் கீழே இருக்கும் வளைவில்தான் ஃபோன் உயிர்பெறும். செருப்பு வழுக்க வழுக்க ஓடினாள். வளைவை எட்டியதும் பையிலிருந்த ஃபோன் கிணுகிணுத்தது. மாடி வகுப்பின் குரூப். அதில் அந்த ஆடியோ. அனுப்பியவர்: எழில்மதி.

திருடியவள் பெயரோடு சேர்ந்தே வந்திருந்தது திருட்டு!

நிமிர்ந்தால், பாறைமேல் எழில்மதியே நின்றுகொண்டிருந்தாள். காலையில் மேடையில் போட்ட சால்வை தோளில், ஃபோன் வானத்தை நோக்கி.

"எழிலு! இன்னாடி பண்ற?"

"மீதியை அனுப்பிக்கினு இருக்கேன்க்கா. சுத்திக்கினே கீது, போவ மாட்டேங்குது."

ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. தேவிப்ரியாவுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வெளிய தரமாட்டேன்னு கையெழுத்து போட்டியே?"

"அது சால்வை வாங்கினதுக்குன்னு நினைச்சேன்."

"வெளையாடாத."

"பின்ன இன்னாக்கா? பேசினதுக்கு ஒரு சால்வை, அதுவும் பாலியஸ்டர். பேசினது என் பேச்சு. நான் பேசுறத நம்ம கிளாஸ் பிச்சைமுத்து கேக்கக் கூடாதா? திங்கக்கெழம அவனுக்கு சென்னையில இண்டர்வியூ. ஒரே நேரத்துல லட்சம் பேர் வந்து மோதினா வெப்சைட்டு படுக்காம எப்புடிக் காப்பாத்துறதுன்னு கேப்பானுங்க. அதைத்தான் நான் பேசினேன். இது எல்லாம் எனக்கு யார் கத்துக்குடுத்தா? நீங்கதான். அந்த மாடியில. சும்மா."

"சும்மா இல்லடி! வாடகை குடுத்தேன். கரண்ட் பில் கட்டினேன். இந்தப் பேச்சு வித்தாத்தான் மாடி. மாடி இருந்தாத்தான் பிச்சைமுத்து."

"பிச்சைமுத்து கேக்கக் கூடாதுன்னா மாடி எதுக்குக்கா?"

எழில்மதி சொன்னதும் நியாயம், தேவிப்ரியா சொன்னதும் நியாயம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இடிக்கிறது.

பின்னால் சரளைக்கல் நொறுங்கும் சத்தம். பிரவீன்குமார். முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தால், சிரிப்பு.

"மீதி போயிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்பாடா! நிறுத்துங்க. முதல் பாதியைக் கேட்டுட்டு எங்க பாஸ் இப்ப ஃபோன்ல சந்தோஷத்துல குதிக்கிறாரு. 'இது கசிவு இல்லடா, விளம்பரம்'ங்கிறாரு. பாதி கேட்டவன் மீதியைக் கேக்காம தூங்குவானா? காசு குடுத்து வாங்குவான். பேசின விலைக்கு மேலயே ஜாஸ்தி தர்றேன்னுட்டாரு மேடம்!"

வாரப் பத்திரிகைக்காரர்களின் வித்தை. கத்தி ஓங்கிய இடத்தில் கதையை நிறுத்துவது. ஆனால் இங்கே நிற்கிற கத்தி பிச்சைமுத்துவின் கழுத்துக்கு மேலே அல்லவா?

மாடி பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

எழில்மதி ஃபோனைத் தேவிப்ரியாவின் கையில் திணித்தாள். "மாடி உங்களுது. நீங்களே முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அந்த நேரம் பார்த்துத்தானா அது வரவேண்டும்? குரூப்பில் பிச்சைமுத்துவின் குரல். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு இறக்குகிறவன். பின்னால் டிராக்டர் உறுமியது.

"எழிலக்கா, ரெண்டு தபா கேட்டேன். வரிசையில நிக்க வைக்கணும்ன்ற வரைக்கும் புரிஞ்சிச்சி. வரிசையே நெரம்பி வழிஞ்சா இன்னா பண்றதுன்னு சொல்றப்ப நின்னுபோச்சி. மீதி எப்ப வரும்?"

பிரவீன்குமார் அவள் விரலையே பார்த்தான். எழில்மதி பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.

தேவிப்ரியா ஃபோனைத் தலைக்குமேல் உயர்த்தி அமுக்கினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. போய்விட்டது.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? இனிமே பாஸ் எந்தப் பேச்சுக்கும் கையெழுத்து போட மாட்டாரு. ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"அதுதாங்க தெரியலை."

உண்மைதான். செய்தது தர்மமா, மாடிக்கு வைத்த கொள்ளியா? மேலே மைக்கில் யாரோ "சாப்பாடு முடிஞ்சவங்க உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். காசு கொடுத்து வந்தவர்கள். இதே பேச்சு கீழே ஒருவனுக்குச் சும்மா போனது என்று தெரிந்தால் இவர்கள் என்ன சொல்வார்கள்?

பிரவீன்குமார் போகவில்லை. காலால் சரளையைக் கிளறிக்கொண்டு நின்றான்.

"மேடம்... எனக்கும் அதை அனுப்புங்களேன்."

"ஆபீசுக்கா?"

"இல்லைங்க, எனக்கு. காலையில ரெண்டாவது பாதி ஓடுறப்ப நான் இங்க நின்னு பாஸ்கிட்ட விலை பேசிக்கிட்டிருந்தேன். வரிசை நிரம்பினா என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியாது."

எழில்மதி களுக்கென்று சிரித்தாள். "உங்களுக்கு மட்டும் காசு சார்!"

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அவனோ பர்ஸை எடுத்து, பிரித்து, தேவிப்ரியாவின் முகத்தைப் பார்த்தான்.

உரக்கடை மாடியின் ஜன்னல் அவள் கண்ணுக்குள் வந்து போனது. சிரிப்பதா, கையை நீட்டுவதா? பாதி நீண்ட கை அங்கேயே நின்றது.