இருவர் தங்கும் அறை

எக்ஸ்ரே அக்காவுக்குக் குறட்டை உண்டு. ஏதோ லேசான குறட்டை என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வருடம் அவளோடு ஒரே அறையில் படுத்த சொந்தத் தங்கை, நாற்பத்தொரு வயதில் கல்யாணமாகிப் புறப்படும்போது, "இனிமேலாவது நிம்மதியா தூங்குவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அக்காவும் கூடச் சிரித்துவைத்தாள். அப்புறம் மூன்று வருடமாக அந்த வீட்டில், "லைட்டை அணைச்சிடவா?" என்று கேட்கக்கூட ஆளில்லை.

பகல் முழுக்க ஆஸ்பத்திரியில், ஜன்னல் இல்லாத எக்ஸ்ரே அறை. "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. விடுங்க." ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் இதையே சொல்வாள். எண்பது பேரும் படத்தை வாங்கிக்கொண்டு போவார்கள், அவள் முகத்தை யார் பார்த்தார்கள்? அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் கண்ணில்தான் அந்த விளம்பரம் பட்டது. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு மட்டும், சிறு குழு, எட்டு நாள் வெளிநாடு, அறைக்கு இருவர். மற்றவர்கள் அதிலிருந்த ஏரியையும் மலையையும் பார்த்திருப்பார்கள். இவள் பார்த்தது கடைசி இரண்டு வார்த்தையை. மலையாவது மண்ணாங்கட்டியாவது, எட்டு ராத்திரி பக்கத்துக் கட்டிலில் ஒரு மனுஷி இருப்பாளே! வேண்டுமென்றால் தனி அறை தரட்டுமா என்று டூர் கம்பெனியில் கேட்டதற்குப் பதறிப்போய் வேண்டவே வேண்டாம் என்றாள்.

மொத்தம் ஆறு பெண்கள், கூட்டிப்போக ஒரு டூர் மேடம். அக்காவுக்கு ஜோடியாக வந்தது பேங்க்கில் வேலை பார்க்கும் பெண். முப்பத்தெட்டு வயது, புருஷனை விட்டு வந்து ஆறு வருடம், வாய் ஓயாத ஜாதி. முதல் ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் விடவில்லை. மேனேஜரின் விக், மாடி வீட்டுக்காரியின் பூனை, தான் பாதியில் விட்ட நீச்சல் வகுப்பு.

"அக்கா, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா, நீ சொல்லு."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யாராவது தன்னை இப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் தூங்கிப்போனாள்.

அதன் பிறகுதான் அக்காவுக்குப் பயம் பிடித்தது. நாமும் தூங்கினால் குறட்டை கிளம்பும். கிளம்பினால் விடிந்ததும் இவள் மேடத்திடம் ஓடுவாள். அதோடு கதை முடிந்தது. தூங்காவிட்டால்? எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். கண் சொருகியபோதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டு, விடிகிற வரைக்கும் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். ஒரு நாள் இல்லை, நாலு நாள்.

ஆனால் உடம்பு சும்மா விடுமா? பஸ் கிளம்பியதும் அக்கா சாய்ந்துவிடுவாள். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று கடைசி சீட்டைப் பிடித்து வைத்திருந்தாள். ஏரி வந்தது, போனது. அரண்மனையில் எல்லோரும் மாடி மாடியாக ஏற, இவள் கீழே பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கினாள். லீவு போட்டு, கடல் தாண்டிப் போய்த் தூங்கிவிட்டு வருகிற பைத்தியமும் உண்டா? உண்டு, இவள்தான். ஆனால் அந்த நாலு நாளும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ராத்திரி அந்தப் பெண் பேசப்போகிறாளே, அது போதும்.

ஐந்தாம் நாள் காலை. டிபன் சாப்பிடுகிற இடத்தில் டூர் மேடம் காபிக் கோப்பையோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிலேருந்து உங்களுக்குத் தனி ரூம் போட்டிருக்கேன்."

அக்கா நாலு ராத்திரியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எந்த நேரத்தில் கண் அசந்தோம்?

"குறட்டை விட்டேனா?"

"குறட்டையா? அப்படி ஒண்ணும் அந்தப் பொண்ணு சொல்லலையே." மேடம் குரலைத் தாழ்த்தினாள். "எப்போ கண்ணைத் திறந்தாலும் நீங்க இருட்டுல உக்காந்து முழிச்சிட்டே இருக்கீங்களாம். நாலு நாளா பாத்திருக்கா. பயமா இருக்காம். உங்களுக்கு ஏதாவது பிரச்சினையாக்கா? மாத்திரை ஏதும் சாப்பிடறீங்களா?"

அக்கா பாதி ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். அந்தப் பெண் பெட்டியோடு வராந்தாவில் நின்றிருந்தாள். அக்காவைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் குறட்டை விடுவேம்மா" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "ரொம்பப் பெருசா விடுவேன். உன் தூக்கம் கெடுமேன்னுதான் தூங்காம உக்காந்திருந்தேன். வேற ஒண்ணுமில்ல."

அந்தப் பெண் பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அக்கா, குறட்டைக்கா இவ்வளவு பாடு? எங்க வீட்டுக்காரர் விடாத குறட்டையா? பத்து வருஷம் காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுத் தூங்கினவ நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ இங்கேயே இருந்துடறியா?"

கைகள் மெல்ல விலகின. எதிர் அறையில், கூட வந்திருந்த டீச்சரும் மருந்துக்கடை அம்மாவும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இல்லக்கா. அங்க எனக்குன்னு கட்டிலெல்லாம் போட்டுட்டாங்க. இப்போ போய் வேணாம்னா நல்லா இருக்காது. நீங்களும் இனிமே ஃப்ரீயா தூங்கலாம்ல."

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காரணம் தெரிந்ததும் பயம் போயிருக்கும். அதற்குள் மனசு எதிர் அறைக்குக் குடிபோய்விட்டது, அதை யார் இழுத்து வர முடியும்? அக்கா கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் நின்று அழுதாள். சொல்லியிருக்கலாம், முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இப்படி ஒரு பெண் இனி எங்கே கிடைப்பாள்?

அன்றைக்கு ராத்திரி அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். மறுநாள் பஸ்ஸில் கண் பளிச்சென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை வந்தது, அருவி வந்தது. அந்தப் பெண் முன் சீட்டிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா தூங்குனீங்களாக்கா? சாப்பிட்டீங்களா? தலைவலி ஒண்ணும் இல்லையே?"

ஆஸ்பத்திரியில் கட்டில் ஓரம் நின்று கடமைக்கு விசாரித்துவிட்டுப் போகும் சொந்தக்காரர்களை அக்கா தினம் பார்க்கிறவள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டு நிமிஷம் ஆனதும் அந்தப் பெண் அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டாள்.

சாப்பாட்டுக்கு நின்று பஸ் மறுபடி கிளம்பியது. அந்தப் பெண் திரும்பவும் எழுந்து வருவது தெரிந்ததும், அக்கா தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். காலடி பக்கத்தில் வந்து நின்றது.

"எழுப்பாதீங்க" என்றாள் டூர் மேடம் முன்னாலிருந்து. "பாவம், தூங்கட்டும்."

எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மீதி மூன்று நாளும் பஸ்ஸில் அக்கா அப்படியேதான் வந்தாள். துளிக்கூடத் தூக்கம் வரவில்லை.