ஜொல்தோஷ் பேசும் படம்

ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு புருல்கான் மறுபடி பட்டனை அழுத்தினாள். டிவிடி பெட்டி உறுமியது. திரை நீலமானது. பிறகு தம்பி ஜொல்தோஷ் வந்தான். முழுசாக வரவில்லை. தாடை திரையின் உச்சியில், நெற்றி அடியில், நடுவே ஒரு கறுப்புப் பட்டை. அந்தக் கோலத்திலேயே, கறுப்பு வெள்ளையில், கீழேயிருந்து மேலே ஓடிக்கொண்டிருந்தான். சத்தம் இல்லை.

"எங்கேம்மா ஓடுறான் இவன்?" என்றார் அப்பா சதீபால்டு. தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. அதற்காகப் பேச்சை விடுகிற ஆளில்லை அவர்.

"அவன் ஓடலப்பா. டிவிடி சரியில்ல."

"நேத்து போட்டதும் வரல."

"நேத்து வந்தது டிவிடியே இல்லையாம். போன்ல எடுத்ததை அந்தக் கடைக்கார மிர்லான் அப்படியே வழிச்சுப் போட்டிருக்கான். 'இந்த வகை எனக்குத் தெரியாது'ன்னு பெட்டி சொல்லிடுச்சு. இதைப் பெட்டி ஒத்துக்குது, டிவி ஒத்துக்கல."

"டிவியைச் சொல்லாத. உங்கம்மா வாங்கினது."

டிவியை யார் சொன்னார்கள்? சோவியத் நாட்டில் செய்த டிவி அது. நாடு போய்விட்டது, டிவி இருந்தது. புருல்கான் டிவிடியை வெளியே எடுத்து, துப்பட்டா நுனியில் துடைத்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும்தான். அதனால் காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தொலோன் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டியே காலம் தள்ளியவர் என்பதால், அந்தப் பாதையில் ஒருமுறையாவது சிக்கி நின்ற ஒவ்வொருவரும் அவருக்குச் சொந்தம் மாதிரிதான். வந்தவர்கள் கட்டிலருகே உட்கார்ந்து, "எங்கமேல ஏதும் குறை வெச்சுக்காதீங்க" என்பார்கள். அவர் கையைப் பிடித்து, "உன்மேல எனக்குக் குறையில்ல" என்பார். அது போதும். போகிறவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளாதவன் ஆயுசுக்கும் அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரனிலிருந்து பால்காரி வரைக்கும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெற்ற பிள்ளை ஜொல்தோஷ்தான் பாக்கி.

அவன் எல்லைக்கு அப்பால் நொவோசிபிர்ஸ்க் நகரத்தில் ஒரு ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்க்கிறான். இரண்டு வருஷமாக அப்பாவோடு ஒரு வார்த்தை இல்லை. காரணம் ஊருக்கே தெரியும். அம்மா இறந்தபோது அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஊர் மரபுப்படி, வெளியூரில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியைப் போனில் சொல்லக் கூடாது. பெரியவர்கள் நாலு பேர் நேரில் போய் உட்கார்ந்து, டீ குடித்து, வானிலையும் ஆட்டு விலையும் பேசி, ஒரு பழமொழியில் ஆரம்பித்து, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயார்ப்படுத்திச் சொல்ல வேண்டும். நொவோசிபிர்ஸ்க்கில் போய் டீ குடிக்க இங்கிருந்து யாரால் முடியும்? அவன் வரட்டும், வந்ததும் வாசலில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா முடிவெடுத்தார். அவன் போன் செய்யும்போதெல்லாம், அம்மா அவள் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள், அங்கே சிக்னல் இல்லை என்றார். ஒரு மாசம் கழித்து அம்மாவுக்கென்று கம்பளி வைத்த பூட்ஸ் வாங்கிக்கொண்டு அவன் வந்து இறங்கினான்.

இப்போது அப்பாவுக்கு முடியவில்லை என்று புருல்கான் சொன்னபோது, நேரில் வருவதாக அவன் சொல்லவில்லை. போனில் தன்னைப் படம் பிடித்து, அந்தச் சின்ன மெமரி கார்டை ஒரு லாரிக்காரனிடம் கொடுத்தனுப்பினான். இவள் போனில் அது திறக்கவில்லை. அதனால் என்ன பேசியிருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. மன்னிப்புத்தான் கேட்டிருப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. "அவன் பேசறதைக் கேட்டுடறேன்" என்று மட்டும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

மிர்லானின் வீடியோ கடை சந்தைக்கு அடுத்த சந்தில். சுற்றுவட்டாரக் கல்யாணம், தொட்டில் விழா எல்லாம் அவன் கேமராவில்தான் நடக்கும். அவன் படம் பிடித்தால் ஓரத்தில் புறா பறக்க வேண்டும், மணப்பெண்ணைச் சுற்றி ரோஜா பூக்க வேண்டும், பின்னால் கொமுஸ் என்ற தந்தி வாத்தியம் ஒலிக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணமே செல்லாது என்பது அவன் கட்சி.

"படம் மேல மேல ஓடுது மிர்லான். கலரும் இல்ல."

"ஐயோ, கொரியாக்காரன் கணக்குல எழுதிட்டேன் அக்கா. இந்த கம்ப்யூட்டர் கொரியாவுலேர்ந்து வந்தது. சொல்லலைன்னா அதுபாட்டுக்கு அந்த ஊர் டிவிக்குத் தக்கமாதிரி எழுதிடும். உங்க டிவிக்கு அந்தக் கணக்கு புரியாது. மாத்திடறேன்."

"சத்தமும் வரல."

"அது வேற கதை. அந்த போன் சத்தத்தை எழுதற விதமே வேற. என் புரோகிராமுக்கு அது காதுலயே விழல. என் கம்ப்யூட்டரும் என் மாமியாரும் ஒண்ணு அக்கா. எதைக் கேட்டாலும் முதல்ல முடியாதுன்னுதான் வரும். விடாம கேட்டா நடக்கும்."

விடாமல் கேட்டான். ஒரு புரோகிராமைத் திறந்தான், மூடினான். இன்னொன்றில் படம் வந்து சத்தம் பின்தங்கியது. பக்கத்துக் கடைக்காரனிடம் ஒரு சிடி வாங்கிவந்து எதையோ ஏற்றினான். புருல்கான் ஸ்டூலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இங்கே இருக்கும்போது அங்கே முடிந்துவிட்டால்?

"வந்துடுச்சு" என்றான் மிர்லான். ஸ்பீக்கரைத் திருகினான்.

ஜொல்தோஷ் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். நேராகக் கேமராவைப் பார்த்தான்.

"அப்பா, உங்களுக்கு முடியலன்னு அக்கா சொன்னா. எல்லாரும் வந்து குறை வெச்சுக்காதீங்கன்னு கேட்டிருப்பாங்க. நான் கேக்க மாட்டேன். கேக்க வேண்டியது நீங்க. செத்துப்போனவளுக்கு ஒரு மாசமா நான் சலாம் சொல்லி அனுப்பினேன். நீங்க 'சொல்றேன்டா'ன்னீங்க. அவ காலு அளவு என்னன்னு கேட்டேன். அதையும் சொன்னீங்க. மண்ணுக்குள்ள இருக்கறவ காலு அளவைச் சொல்ல எப்படிப்பா உங்களுக்கு வாய் வந்துச்சு? நான் வர மாட்டேன். உங்களுக்கு மண்ணு போட நான் வர மாட்டேன்."

இன்னும் பேசினான். மிர்லானே கை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தான்.

"நான் எதையும் கேக்கல அக்கா" என்றான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. புருல்கானுக்குத் தம்பிமேல் கோபம் வந்தது. சாகக் கிடக்கிறவரிடம் பேசுகிற பேச்சா இது? அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது, ஏனென்றால் அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா கால் அளவைச் சொன்னபோது இவளும் அதே அறையில்தான் இருந்தாள்.

"சத்தத்தை எடுத்துடு" என்றாள்.

"இப்பத்தானே அக்கா வரவெச்சேன்?"

"எடுத்துடு. படம் மட்டும் போதும். பாட்டு எதையாவது போடு."

மிர்லான் அவளைப் பார்த்தான். பிறகு திரும்பி வேலையில் இறங்கினான்.

வீட்டில் பெரியப்பா அசனாலி கட்டிலருகே இருந்தார். அப்பாவைவிட மூத்தவர், காது மந்தம், மரபு என்றால் மட்டும் கூர்மையாகக் கேட்கும். புருல்கான் கோட்டைக்கூடக் கழற்றாமல் டிவிடியைப் போட்டாள். இந்தமுறை ஜொல்தோஷ் ஓடவில்லை. கலரில், நேராக, சொந்த நிறத்தில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி ரோஜாப்பூ. மேல் மூலையில் இரண்டு புறா. கைப்பழக்கம், மிர்லானை என்ன செய்வது. பின்னால் கொமுஸ் ஒலித்தது.

"இவனுக்கு என்ன, கல்யாணமா?" என்றார் பெரியப்பா.

அப்பா சிரிக்கவில்லை. "பேச்சு எங்க?"

"சத்தம் மட்டும் வரலப்பா. எவ்வளவோ பாத்தான். அதான் பாட்டு போட்டுக் கொடுத்தான்." சொல்லும்போது அவள் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்தது. "திரும்பப் போடு" என்றார். போட்டாள். பாதியில் அவர் கையைத் தூக்கினார்.

"திட்டுறான்."

"இல்லப்பா..."

"நீ சும்மா இரு. கீழுதடு முன்னால வருது பாரு. உங்கம்மா வாய் அது. நான் வண்டிக்குள்ள எஞ்சினைப் போட்டு உக்காந்திருப்பேன், அவ கண்ணாடிக்கு வெளிய பனியில நின்னு திட்டுவா. ஒரு சொல் காதுல விழாது. ஆனா எதுக்குத் திட்டுறான்னு ஒருநாளும் எனக்குப் புரியாம போனதில்ல." மூச்சு வாங்கியது. "அம்மா விஷயம்தானே?"

புருல்கான் ரிமோட்டைக் கட்டில்மேல் வைத்தாள். அதுவே பதில்.

"மரபுப்படிதானே செஞ்சே" என்றார் பெரியப்பா. "அதுல என்ன தப்பு?"

"மரபு சரிதான் அண்ணே. அவன் அந்த பூட்ஸை வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னானே, அதை நான்தானே பாத்தேன். நான் செஞ்சது தப்பு." மறுபடி திரையைப் பார்த்தார். "திட்டட்டும். நல்லா திட்டட்டும். புருல், அவன்கிட்ட சொல்லு. அவன்மேல எனக்குக் குறையில்ல. என்மேல அவனுக்கு இருக்கறதை மெதுவா தீத்துக்கட்டும். அவசரமில்ல. இளைச்சுட்டான், பாரு."

பிறகு டீ கேட்டார். பால் விட்டு, ஊர் வழக்கப்படி உப்பு போட்டு, அவள் எடுத்துவருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் கிண்ணத்தை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். டீயில் ஆடை கட்டிய பிறகுதான் பெரியப்பா அவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அதன் பிறகு எல்லாம் தன்பாட்டில் நடந்தது. தாடைக்குத் துணி கட்டினார்கள். கண்ணாடிக்குத் துணி, டிவிக்குத் துணி. டிவிடி உள்ளேயே இருந்தது. ஆண்கள் முற்றத்தில் உடலை வைக்கக் கூடாரம் கட்ட இடம் பார்த்தார்கள். சாவு விருந்துக்கு எந்தக் குதிரையை அறுப்பது என்று யாரோ கேட்டார்கள். புருல்கான் அழுதாள். அழுதுகொண்டே சமோவார்க் கொதிகலனில் டீக்குத் தண்ணீர் ஊற்றினாள், ஏனென்றால் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள்.

பெரியப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ஜொல்தோஷுக்குப் போன் போடு. அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பி வான்னு மட்டும் சொல்லு. நாங்க ரெண்டு மூணு பேர் பாதி வழி போய் நின்னு, மெதுவா காதுல போட்டுக்கறோம்."

"ஒரு தடவை மெதுவா போட்டது போதும் பெரியப்பா."

"என்ன பேச்சு இது? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வந்து டீ குடிக்கட்டும். நான் வெச்சிருக்கேன்."

அவள் தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தான். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான், குரல் கட்டியிருந்தது.

"ஜொல்தோஷ், அப்பா போயிட்டார். இப்பத்தான். இன்னும் குளிப்பாட்டக்கூட இல்ல. வெளியூர்ல உனக்குத்தான் முதல்ல சொல்றேன்."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள்.

"அந்தப் படத்தைப் பாத்தாரா?" என்றான்.

"பாத்தார். ரெண்டு தடவை."

"கேட்டாரா?"

"இல்ல. நான் சத்தத்தை எடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"யாரையும் கேக்கல." அவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள். "எடுத்தும் பிரயோஜனமில்ல. உன் வாயைப் பாத்தே திட்டுறான்னு சொல்லிட்டார். அம்மா மாதிரியே கீழுதடு முன்னால வருதாம். நல்லா திட்டட்டும், நான் செஞ்சது தப்புன்னார். பெரியப்பா முன்னாடியே சொன்னார். உன்மேல குறையில்லன்னார். உனக்கு இருக்கறதை மெதுவா தீத்துக்கோ, அவசரமில்லன்னார். அவ்வளவுதான். ஒண்ணையும் நான் கூட்டல, குறைக்கல."

வீட்டுக்குள்ளிருந்து பெண்களின் முதல் ஒப்பாரி எழுந்தது. அது அவனுக்கும் கேட்டிருக்கும். அவள் போனை மறைக்கவில்லை.

"எப்ப மண்ணு போடறீங்க?" என்றான் கடைசியில்.

"மூணாம் நாள்ங்கறார் பெரியப்பா."

அவன் சரி என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. அதை எங்கேயோ மேஜைமேல் போட்ட சத்தம் கேட்டது. கட்டில் முனகியது. பீரோக் கதவு திறந்தது. தொழுவத்துச் சுவரில் சாய்ந்து காதோடு போனை அழுத்திக்கொண்டு புருல்கான் நின்றாள். அந்த ஊர் அறைக்குள் ஒரு பையின் ஜிப் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் திறக்கும் சத்தம் வந்தது.