ஸ்டேஷன் பக்கத்துத் தெரு

மணிமொழிக்கு ரெட்டிபாளையம் பக்கத்து சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தரம் பார்க்கும் லேபில் கெமிஸ்ட். ரஞ்சன்குடியிலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து அரியலூர், அப்புறம் கம்பெனி பஸ் என்று தினமும் மூன்று வண்டி ஏறி இறங்கினாள். அடுத்த மாதத்திலிருந்து ஷிப்ட் என்று உத்தரவு வந்ததும் இனி வீடு பார்த்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

"பெரம்பலூர்லயே இருந்துடேன், கடைகண்ணி எல்லாம் இருக்கு" என்றாள் லேபில் கூட வேலை பார்க்கும் ரீனா. காலை ஷிப்டுக்கு அங்கிருந்து வந்து சேர முடியாது. ஃபேக்டரி வாசலிலேயே ரூம்கள் இருந்தன. ஆனால் எட்டு மணி நேரம் சிமெண்டோடு இருந்துவிட்டு, வெளியே வந்தும் சிமெண்டையே பேசுகிறவர்களோடு இருக்க மணிமொழிக்கு விருப்பமில்லை. அரியலூர் டவுன்தான் சரி என்று முடிவு செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா செல்லக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். முதலில் பார்த்தது டவுன் ஓரத்தில் புதிதாக உருவான ஒரு நகரில் மாடி வீடு. அகலமான தெரு, பால்கனி, நல்ல காற்று. மணிமொழிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. வீட்டுக்கார அம்மாவும் காபி கொடுத்து நன்றாகத்தான் பேசினார்.

"சொந்த ஊரு?"

"ரஞ்சன்குடிங்க."

"ரஞ்சன்குடியில எங்க?"

செல்லக்கண்ணு முந்திக்கொண்டாள். "கோட்டைக்குக் கிட்டத்துல..."

"காலனிங்க" என்றாள் மணிமொழி.

அந்த அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவர்ட்ட கேட்டுட்டு சொல்றேன்மா."

தெருவுக்கு வந்ததும் செல்லக்கண்ணு ஆற்றாமையோடு சொன்னாள். "கோட்டைப் பக்கம்னே விட்டிருந்தா வூடு முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும். அப்பறம் நீ வர்றப்பெல்லாம் என்ன பேசிடுவியோன்னு நான் பயந்துகிட்டே இருக்கணும். அப்படி ஒரு வூடு எனக்கு எதுக்கு?"

பஸ் ஸ்டாண்டு வரும்வரை அம்மா மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

புதன்கிழமை மணிமொழி லேபில் சிமெண்ட் கட்டிகளை அழுத்திப் பார்க்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபோது போன் வந்தது. அதே வீட்டுக்கார அம்மா.

"நீங்க அங்க ஆபீசராமே, அவரு விசாரிச்சாரு. வாங்க, தர்றோம். ஒண்ணே ஒண்ணுதான், ஊர்லேர்ந்து ஆளுங்க அடிக்கடி வராம பாத்துக்கங்க. அக்கம்பக்கம் ஒரு மாதிரி பேசுவாங்க."

ஷிப்ட் தொடங்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வேறு வீடு கைவசம் இல்லை. மணிமொழி அந்தப் பால்கனியை ஒரு கணம் நினைத்தாள்.

"எங்கம்மா அடிக்கடி வருவாங்க. அதனால வேண்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இயந்திரத்தில் கட்டி எந்த அழுத்தத்தில் உடைந்தது என்பதைக் குறிக்க மறந்துபோயிருந்தாள். ரீனாதான் பார்த்துக் குறித்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஸ்டேஷன் பக்கத்துல எங்க டீச்சர் வூடு ஒண்ணு காலியா இருக்கு. பழைய தெரு, வூடும் சின்னது. பாக்குறியா?" என்றாள்.

மணிமொழி அம்மாவோடு போய்ப் பார்த்தாள். அந்தத் தெருவில் டெய்லர் காசிநாதன், ஆஸ்பத்திரி நர்ஸ், ரயில்வேக்காரர், பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் குடும்பம் எல்லாரும் அடுத்தடுத்து இருந்தார்கள். கம்பெனி பஸ் நிற்குமிடம் நூறடிதான். டீக்கடை விளக்கு விடிய விடிய எரியும் என்று நர்ஸ் சொன்னாள். எந்த நேரத்தில் வேலை முடிந்து வந்தாலும் தெருவில் ஆள் இருக்கும். மணிமொழிக்கு அதிலேயே பாதி மனசு நிறைந்துவிட்டது.

வீட்டுக்காரர் லீலா மேரி, ஏலாக்குறிச்சிக்காரர், பள்ளியில் கணக்கு டீச்சர். அவரும் ஊர் கேட்டார்.

"ரஞ்சன்குடி காலனிங்க" என்று மணிமொழி ஒரே மூச்சில் சொன்னாள்.

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா தெனம் வந்துகிட்டிருந்த? இங்க தண்ணி காலையில ஆறு மணிக்குத்தான் வரும். நீ ஷிப்டுல இருந்தா நான் புடிச்சு வைக்கிறேன்."

இதற்குள் செல்லக்கண்ணு பாத்ரூமில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெளியேறும் துளைக்கு ஓடாமல் மூலையில் தேங்கியது.

"டீச்சர், வாட்டம் தப்பா போட்டிருக்காங்க. செவுத்துல ஈரம் ஏறும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

மணிமொழி அம்மாவைப் பார்த்தாள். இந்தமுறை செல்லக்கண்ணு கோட்டையைச் சொல்லவில்லை. "பத்தொம்பது வருசம் சித்தாளு வேலை பாத்திருக்கேன். கலவை தூக்கித்தான் இவள படிக்க வச்சேன்" என்றாள் நிமிர்ந்து.

லீலா மேரி அடுத்த நாளே கொத்தனாரை வரச் சொன்னார். செல்லக்கண்ணுவும் வந்து நின்று, அவர் தரையைப் பூசி முடிக்கும்வரை நகரவில்லை.

குடிவந்த அன்று அப்பா அய்யம்பெருமாள் தன் லோடு ஆட்டோவில் சாமான்களை இறக்கினார். பால் பொங்கியதும் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். ஷிப்ட் முடித்து வந்த ரீனாவும் வந்தாள். காசிநாதன் டம்ளரை வாங்கிக்கொண்டு, "பொண்ணுக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டார்.

"சிமெண்ட் கம்பெனியில பெரிய வேலை. இவ கையெழுத்துப் போட்டாத்தான் ஒரு மூட்டையாவது வெளிய போவும்" என்றாள் செல்லக்கண்ணு.

லேபில் நான்கு பேர் கையெழுத்துப் போடுகிறோம், மேலே மேனேஜரும் இருக்கிறார் என்று மணிமொழி திருத்தப்போனாள். ரீனா அவள் முழங்கையில் இடித்தாள். மணிமொழி சிரித்துவிட்டு, பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுப் பக்கம் போனாள்.