லோடு எவ்வளவு, உண்மையைச் சொல்லுங்க

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று தெருவே சொல்லும். தெருவுக்கு என்ன தெரியும்? கூடக் குடித்தனம் நடத்துகிறவளைக் கேட்க வேண்டும். வண்டியில் எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள் என்ற ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவர் கூசாமல் புளுகுகிறார் என்று பதினோரு வருடமாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சொல்லியும் காட்டினேன்.

நாங்கள் செடி வளர்த்து விற்கிறவர்கள். நிழல்வலைக்குக் கீழே தொட்டிகள், ஒரு ஓரத்தில் மண் குவியல், தகரக் கொட்டகை, அதற்குள் மேஜை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பலகை. இது போக ஒரு சின்னப் பிக்கப் வண்டி. ஏற்றுவது இறக்குவது ஓட்டுவது அவர் பாடு. செடி வாடாமல் வதங்காமல் போய்ச் சேர வேண்டியது என் பாடு. இந்தப் பாகப்பிரிவினையில் எங்களுக்குள் சண்டை வந்ததே கிடையாது. சண்டை எல்லாம் மற்ற விஷயங்களில்தான்.

அந்தச் சனிக்கிழமை வண்டிக்கு அடியில் உருண்டு போன ஒரு சின்னத் தொட்டியை எடுக்கக் குனிந்தேன். பின்பக்க இடது டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம். தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினால், கன்னத்தில் பல்வலி வீக்கத்தைப் பார்க்கிறவர் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, காற்றுக் கொஞ்சம் கூடியிருக்கும் என்றார்.

எனக்குப் பயம் வந்தால் அது திட்டாகத்தான் வெளியே வரும். திங்கட்கிழமை முதல் மேட்டு ரோட்டு உச்சியில் இருக்கிற புது அலுவலகக் கட்டடத்துக்கு ஒரு வாரம் முழுக்கச் செடி கொண்டு போக வேண்டும். அந்த ரோட்டில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றும் இல்லை. டயர் வெடித்தால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று நான் நினைத்துப் பார்த்துவிட்டேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பதிலாக, பேராசை பிடித்து அளவில்லாமல் ஏற்றினால் டயர் வீங்காமல் என்ன செய்யும் என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

டயர் கடைக்காரரை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புக் கோட்டுக்குப் பதில் கறுப்புக் கை. கேள்வி கேட்டே ஆளை நிமிர்த்திவிடுவார். போன மாதம் பஞ்சர் ஒட்ட வந்த ஒருத்தர், அவர் கேட்ட கேள்வியில் வண்டியை மச்சானிடம் கேட்காமலே எடுத்து வந்ததை ஒப்புக்கொண்டாராம். அன்றைக்கு எங்கள் முறை. கழற்றிய டயரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், வீக்கத்தை விரலால் தட்டினார். உள்ளே இருக்கிற நூல் அறுந்துவிட்டது, இனி இது எந்த நிமிடமும் போகும், இதை மறுபடி மாட்டுகிற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் கடையைச் சாத்திக்கொள்கிறேன் என்றார். மற்ற மூன்றும் தேய்ந்துதான் போயிருந்தன. நான்கையும் மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

எதை மாட்டுவது என்பதில்தான் வந்தது வினை. வக்கீல் இரண்டு டயரை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஒன்று கார் டயருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, அமுக்கினால் கொஞ்சம் கொடுத்தது. இன்னொன்று பத்துப் பிளை, அதாவது பத்து அடுக்கு வைத்த லோடு டயர். பக்கவாட்டுச் சுவர் தடிமன், காற்றும் அதிகம் கேட்கும், நான் முட்டிக்காலால் அழுத்தியும் அசைந்து கொடுக்கவில்லை. எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

அவருக்குப் பிடிக்கவில்லை. நாம் ஏற்றுவது சிமெண்டா, செடியா என்று கேட்டார். லோடு டயர் மாட்டினால் வண்டி கட்டாந்தரை மாதிரி ஆகிவிடும், ஒவ்வொரு குழிக்கும் தூக்கிப் போடும், பூச்செடி போய்ச் சேரும்போது பூ எல்லாம் கீழே கிடக்கும், காம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் அவர் சொல்கிறபோது எனக்கு எந்த நியாயமும் காதில் ஏறுவதில்லை.

வக்கீல் இடையில் கையை உயர்த்தினார்.

"அண்ணே, லோடு எவ்வளவு? உண்மையைச் சொல்லுங்க."

"அறுநூத்தம்பது கிலோ," என்றார் இவர்.

நான் சிரித்துவிட்டேன். வக்கீலும் சிரித்தார். டாக்டரிடம் சிகரெட் கணக்குச் சொல்கிற மாதிரிதான் டயர் கடையில் எல்லோரும் லோடு கணக்குச் சொல்வார்கள், நான் பாதியைக் கூட்டிக்கொள்வேன் என்றார். இவர் முகம் சுருங்கிப் போயிற்று. ஒவ்வொரு அளவுத் தொட்டியையும் தராசில் வைத்து நிறுத்திருப்பதாகவும், எண்ணித்தான் ஏற்றுவதாகவும், அறுநூற்றைம்பதைத் தாண்ட விட்டதே இல்லை என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எப்போது நிறுத்தீர்கள் என்றேன். மத்தியானத்தில், வேலை இல்லாத நேரத்தில் என்றார். ஆமாம், தூக்கத்தில் என்றேன் நான். வக்கீல் அதற்கும் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

தீர்ப்பு எளிமையானது. அறுநூற்றைம்பது நிஜம் என்றால் மெத்தென்ற டயரே தாங்கும், பூவும் உதிராது. தொள்ளாயிரத்தைத் தொட்டால் லோடு டயர் தவிர வேறு பேச்சில்லை. ஊகத்தில் டயர் மாட்டுகிற பழக்கம் தனக்குக் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஏற்றுகிற மாதிரியே ஏற்றி எடை போட்டு வாருங்கள், ஸ்டெப்னியில் மெதுவாக, சமதரையில் மட்டும் என்று அனுப்பி வைத்தார். போகிற வழியில் பழைய இரும்புக் கடை எடை மேடையில் காலி வண்டியை ஏற்றிப் பார்த்தோம். ஆயிரத்து முந்நூறு.

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல ஏற்றினார். இன்றைக்காவது குறைத்து ஏற்றி ஏமாற்றுவாரோ என்று நான் பக்கத்திலேயே நின்று எண்ணினேன். பெரிய தொட்டி பதினாறு, நடுத்தரம் முப்பது, மீதி சின்னது. ஒன்றும் குறையவில்லை. ஏற்றி முடித்துக் கையைத் தட்டிவிட்டு, ஒவ்வொரு தொட்டிக்கும் அவர் மனக்கணக்கில் வைத்திருந்த எடையை உரக்கச் சொல்லிக் கூட்டிக் காட்டினார். அறுநூற்று நாற்பத்தைந்து. அதற்குப் பிறகு நான் ஹோசை எடுத்து என் பாட்டை முடித்தேன். வண்டி கிளம்பும் முன் செடிகளைக் குளிப்பாட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை நின்று, இறங்கி, மறுபடி நிற்க வேண்டும். இலை மினுமினுக்க வேண்டும். செடி வாங்குகிறவர் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் மழை பெய்த தோட்டம் மாதிரி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எங்கள் செடிக்குப் பெயர் கிடைத்ததே அதனால்தான்.

எடை மேடையில் வண்டி ஏறியது. சிவப்பு எண்கள் கொஞ்சம் தள்ளாடிவிட்டு நின்றன. இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. காலி எடையைக் கழித்தால் லோடு தொள்ளாயிரத்து நாற்பது.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. மனக்கணக்குப் புலவரே, முந்நூறு கிலோ எங்கே போயிற்று, சட்டைப்பையில் இருக்கிறதா பாருங்கள் என்றேன். பதினோரு வருடமாகச் சொன்னேனே, கேட்டீர்களா என்றேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து எண்ணைப் பார்த்தார். தொட்டிகளைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். எங்கே தப்பு என்று உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினார்.

சீட்டு அடிக்கிற மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. எடை போடுகிறவர் மூடியைக் கழற்றிக் குடைய ஆரம்பித்தார். நாங்கள் காத்திருந்தோம். நான் வெற்றியை அனுபவித்துக்கொண்டு அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது இரண்டாயிரத்து இருநூற்று முப்பத்தைந்து ஆயிற்று. கண் தவறு என்று நினைத்தேன். சற்று நேரத்தில் முப்பது.

யாரும் வண்டியைத் தொடவில்லை. பின்கதவின் இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இல்லை, ஒரு கோடாகவே இறங்கிக்கொண்டிருந்தது. மேடையின் இரும்புத் தகட்டில் ஓடி, ஓரத்தில் இருந்த சந்தில் விழுந்தது. இருபத்தைந்து. இருபது. கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற ஐந்நூறு லிட்டர் டேங்க், நான் குளிப்பாட்டி முடிக்கிறபோது எப்போதும் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். மோட்டாரைப் போட்டு நிரப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் யோசித்திருக்கவில்லை. அது செடிக்குப் போகிறது என்று நினைத்தேன். செடி எதில் போகிறது?

காகிதம் வெளியே வந்தபோது எண் இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்தில் இருந்தது. எடை போடுகிறவர் நாற்பது என்று முன்பே எழுதி வைத்திருந்த எண்ணைத்தான் சீட்டில் அடித்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி நான்காக மடித்து வைத்துக்கொண்டார். எண் இறங்கியதை அவர் பார்க்கவில்லை. இன்னும் தொட்டியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

டயர் கடைக்குப் போகிற வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. பல் வலிக்கிறதா என்று அவர் கேட்டார். மத்தியானத்தில் காய்ந்த தொட்டியை நிறுத்திருக்கிறார், காய்ந்த தொட்டியை எண்ணி ஏற்றியிருக்கிறார், எல்லாம் சரி. அவர் ஏற்றி முடித்த பிறகு நான் அதன் மேல் முந்நூறு கிலோ ஏற்றி, போய்ட்டு வாங்க என்று கையசைத்திருக்கிறேன். எத்தனை மேட்டில், எத்தனை சரிவில், பதினோரு வருடம். சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. சீட்டுப்படி லோடு தொள்ளாயிரத்து நாற்பது வருகிறது, லோடு டயர் வந்துவிடும், நான் கேட்டதும் அதுதானே. நான் அப்படி ஒன்றும் நல்லவள் இல்லை.

வக்கீல் சீட்டை வாங்கிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, தராசு கெட்டுப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனக்கே கணக்கு வரவில்லை, இவள் சொன்னதுதான் சரி, இத்தனை நாளும் தெரியாமலே பொய் சொல்லியிருக்கிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அதுவரைக்கும் நான் தாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அவர் கணக்கு சரிதான்," என்றேன். "மிச்ச முந்நூறு கிலோ என் தண்ணி."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஹோசைப் பற்றி, டேங்க்கைப் பற்றி, இறங்கின எண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் எழுந்து போய் எங்கள் வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். கடை வாசலில் சின்னதாக ஒரு குளம் தேங்கியிருந்தது. என் வீட்டுக்காரரும் அதைப் பார்த்தார். இப்போது அவர் முறை, பதினோரு வருடத்துக்கும் சேர்த்து வட்டியோடு கேட்கட்டும் என்று நின்றேன். அவர் உதட்டை மடக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்ப தூக்கத்துல நிறுக்கல என்று மட்டும் சொன்னார்.

வக்கீலுக்கு வழக்கு முடிந்துவிட்ட திருப்தி. அப்படியானால் சிக்கலே இல்லை என்றார். செடியை உலர்ந்தபடி ஏற்றுங்கள், போய் இறக்கிய பிறகு அங்கே தண்ணீர் விடுங்கள். அறுநூற்றைம்பதுக்கு மெத்தென்ற டயரே ஏராளம், பூவும் பிழைக்கும், அண்ணன் ஆசைப்பட்டதும் அதுதான். அந்த டயரை உருட்டிக்கொண்டே வந்து ஜாக்கி பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டார்.

நியாயம் முழுக்க என் வீட்டுக்காரர் பக்கம் இருந்தது. தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நாளைக் காலையை நினைத்துப் பார்த்தேன். வண்டி நிறையச் செடி, ஒரு இலை கொஞ்சம் துவண்டிருக்கிறது, ஹோஸ் காலடியில் கிடக்கிறது.

"அந்த டயர் வேணாம், தம்பி," என்றேன். "இனிமே தண்ணி விடமாட்டேன்னு நான் சத்தியம் பண்ணுவேன். நாலு நாள் இருப்பேன். அஞ்சாம் நாள் ஒரு செடி வாடியிருந்தா என் கை தானா போயிடும். எனக்கு என்னைத் தெரியும். என் வாக்கை நம்பி அவரை அந்த மேட்டுல ஏத்தாதீங்க. கனமானதையே போடுங்க."

வக்கீல் கேள்வி எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் மெத்தென்ற டயரைத் தானே உருட்டிக்கொண்டு போய் அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"நாலும் கனமானதே போடுங்க," என்றார். "பூ உதிர்ந்தா உதிரட்டும்."